தோப்பியும் பீரும்

சங்க நூல்களை நம் இல்லத்துப் பிள்ளைகளுக்கு எடுத்துரைக்கும் பெரியோர் ஓரிடத்தில் சற்றே தயங்குவதைக் கண்டிருக்கலாம். வள்ளல்கள் பாணரையும் பொருநரையும் வரவேற்று உபசரிக்கும் இடமே அது. தேறல் என்ற சொல் வந்தவுடன் அது தேனாக மாறிவிடும்; நறவு என்பது ஏதோ ஒரு நறுமணப் பானகமாகிவிடும். அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதை எல்லார்க்கும் தெரியும். சிறிதளவே கள் கிடைத்தால் அதனைத் தான் உண்ணாது தமக்கே அளித்துவிடுவான் என்று, அவன் மாண்டபின் அதே ஔவையார் கலங்கிப் பாடிய பாட்டு புறநானூற்றில் 235-ஆம் பாட்டாக இருப்பது பலர்க்குத் தெரியாது. தெரிந்தவரும் சொல்வதில்லை.

இத்தயக்கத்திற்குக் காரணம் இல்லாமல் இல்லை. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கென்றே 93-ஆம் அதிகாரத்தை வகுத்தார். 1937-இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது அதனை வாழ்த்திய குடும்பங்களில் பிறந்தவர்கள் நம்முள் பலர். குடியால் கெட்ட வீடொன்றை அறியாத தெருவும் நம் ஊர்களில் இல்லை. ஆயினும் அறவுரை வேறு, வரலாறு வேறு. குடிக்கலாமா என்பது இக்கட்டுரையின் வினாவன்று; அதற்கு விடை அவரவர் இல்லத்தில் உண்டு. தானியத்தை மதுவாக்கும் தொழிலைப் பற்றி நம் புலவர் ஒருவர் எழுதிவைத்த குறிப்பொன்று உலக வரலாற்றில் எங்கே பொருந்துகிறது என்பதையே ஈண்டு ஆராய விழைகின்றேன்.

அக்குறிப்பு பெரும்பாணாற்றுப்படையில் உள்ளது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 500 அடிப் பாட்டு அது. உ.வே.சாமிநாத ஐயர் அவர்கள் 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டிராவிடில் இதுபற்றி நாம் பேசவே இயலாது. பரிசில் பெற்று மீளும் பாணன் ஒருவன், வறுமையுற்ற மற்றொரு பாணனுக்கு வழி சொல்கின்றான். எந்தெந்த நிலத்தில் எவரெவர் என்ன உணவு தருவர் என்பதே பாட்டின் பெரும்பகுதி. எயினர் குடியில் வீட்டிலேயே சமைத்த தோப்பியைப் பருகுவார்கள் என்கின்றான். தோப்பி என்பது நெல்லாற் செய்த கள் என்று உரைகாரர் பொருள் கூறுவர்.

அதற்கும் மேலான செய்தி வலைஞர் குடியிருப்பில் கிடைக்கின்றது. அங்கே மது எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதையே புலவர் படிப்படியாகச் சொல்லிச் செல்கின்றார். நன்கு குற்றித் தீட்டப்படாத அரிசியைக் களி போன்ற கூழாகத் துழாவிச் சமைக்க வேண்டும். அகன்ற வாயையுடைய பிழா என்னும் தட்டில் அதனைப் பரப்பி ஆறவிட வேண்டும். பின்பு நல்லடை என்னும் பொருளை அதில் கலக்க வேண்டும். இதனை நெல்முளை இடித்துச் சேர்த்தல் என்று விளக்குவர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலிய வாயையுடைய சாடியில் அது வழைச்சு நீங்க முதிர வேண்டும். வெந்நீரிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தெடுத்தால் நறும்பிழி கிடைக்கும். களைப்பாக வரும் பாணனுக்கு அதனைச் சுட்ட மீனோடு தருவார்கள்.

வழைச்சு என்ற சொல்லை எண்ணிப் பார்க்க வேண்டும். இளமை, பசுமை, முதிராத தன்மை என்பன அதன் பொருள்கள். மேனாட்டு மதுவடிப்போர் இன்றும் முதிராத பீரைப் ‘பச்சை பீர்’ என்றே வழங்குகின்றனர். பசுமை நீங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது தொழில் தெரிந்தவன் பேச்சு. உருத்திரங்கண்ணனார் அடுக்களை வாயிலில் நின்று கேட்டு எழுதியிருக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றும்.

நல்லடைக்கு அவர் சொன்ன உவமையும் அத்தகையதே. பாம்பு உறையும் புற்றினுள் இருக்கும் குரும்பியைப் போன்றதாம் அது. குரும்பி என்பது நாட்டுப்புறத்தார் புற்றாஞ்சோறு என்று சொல்லும் பொருள். புற்றை வெட்டினால் உள்ளே தேனடைபோல் துளைதுளையாக இருக்கும். கறையான் தன் புற்றுக்குள் ஒருவகைப் பூசணத்தைப் பயிரிட்டு உண்கின்றதென்றும், அப்பயிர் வளரும் பாத்தியே அந்த அடை என்றும் இன்றைய விலங்கியலார் கண்டுள்ளனர். நொதிக்கும் மாவுக்கு உவமை தேடிய புலவரின் கண் சென்ற இடம் வேறொரு நொதிக்கும் அடையாக அமைந்தது வியப்பே. அவர் அதனை அறிந்து சொன்னார் என்று நான் வாதிக்க மாட்டேன். நம் கட்டுரையாளர்க்கு அந்தப் பழக்கம் மிகுதி.

இனி, இந்த நறும்பிழி என்ன வகை மது? இதனைக் கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் நுட்பம் போய்விடும். பனையின் பாளையிலிருந்து வடியும் நீரில் சர்க்கரை இயல்பாகவே உள்ளது. காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையை உண்டு சில மணி நேரத்தில் அதனைக் கள்ளாக்கிவிடும். மனிதன் செய்ய வேண்டுவது சிறிதே. திராட்சைச் சாறும் அவ்வாறே. நெல்லிலும் பார்லியிலும் கேழ்வரகிலும் இருப்பது சர்க்கரையன்று, மாச்சத்து. ஈஸ்ட் மாச்சத்தை உண்ணாது. முதலில் யாரேனும் அதனைச் சர்க்கரையாக்கித் தர வேண்டும். அதற்கு இயற்கை இரு வழிகளை வைத்துள்ளது. தானியம் முளைக்கும்போது தன் மாச்சத்தைத் தானே கரைத்துக்கொள்ளும் நொதி அதில் ஊறுகின்றது. அம்முளையை உலர்த்தி இடித்துச் சேர்ப்பது ஒரு வழி. சிலவகைப் பூசணங்கள் அவ்வேலையைச் செய்யும். அவற்றை மாவில் வளர்த்து அடையாகவோ உருண்டையாகவோ உலர்த்திச் சேர்ப்பது மற்றொரு வழி. எந்த வழியில் சென்றாலும் தானியத்திலிருந்து காய்ச்சி இறக்காமல் நொதிக்கவைத்துப் பெறும் மதுவுக்கு இன்று உலகம் வழங்கும் பொதுப்பெயர் பீர். ஆகவே வலைஞர் இல்லத்து நறும்பிழி அரிசி பீரேயாகும்.

இந்த வேறுபாட்டை நம் புலவர் அறிந்தே இருந்தார். பட்டினப்பாலையைப் பாடியவரும் இதே உருத்திரங்கண்ணனார்தாம். அங்கே காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் பருகுவது பனையின் பிழி. இங்கே வலைஞர் பருகுவது அரிசியின் பிழி. மற்றப் புலவர்களும் வகை தெரியாமல் பாடவில்லை. மலைபடுகடாத்தில் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேன் மது வருகின்றது. யவனர் நல்ல கலங்களில் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள மதுவைப் பாண்டியன் நன்மாறனுக்கு நக்கீரர் வாழ்த்தாகச் சொல்கின்றார். நாட்பட முதிர்ந்த தேறலின் உறைப்புக்குத் தேள்கொட்டையே உவமையாக்கினார் ஔவையார். பொருநராற்றுப்படையில் கரிகாலன் அவையில் பொன் கலத்தில் மது வார்க்கப்படுகின்றது. கூடவே வந்த ஊனை இரவும் பகலும் தின்று, கொல்லை உழுத கொழுவைப்போல் பல் மழுங்கிப்போயிற்று என்று பொருநன் நகைச்சுவையாகக் கூறுகின்றான். வகையறிந்து நுகர்தலும், இன்ன மதுவோடு இன்ன உணவு என்று இணைத்தலும் நமக்கு மேனாட்டார் கற்பித்தவை என்று எண்ணுவோர் இவற்றைப் படிக்க வேண்டும்.

வடபுலத்திலும் இத்தொழில் இருந்தது. கௌடலியரின் அர்த்த சாஸ்திரம் மதுவுக்கென ஓர் அதிகாரியை நியமித்து, அரிசியால் ஆகும் மேதகம் முதலிய வகைகளையும், அவற்றை நொதிக்கவைக்கும் கிண்வம் என்னும் மருந்தையும் அளவுகளோடு கூறுகின்றது. கிண்வத்தில் சேர்பவை உளுந்தும் அரிசியும். இட்லி நினைவுக்கு வந்தால் குற்றமில்லை.

இந்தியாவுக்கு வெளியே தானிய மதுவின் வரலாறு இன்னும் பழமையானது. சுமேரியர் கி.மு. 1800-ஐ ஒட்டி மதுத்தெய்வமாகிய நின்காசியின் மீது பாடிய துதிப்பாடல் களிமண் பலகையில் எழுதப்பட்டுக் கிடைத்துள்ளது. துதிக்கும் பாவனையில் செய்முறையையே அது சொல்லிவிடுகின்றது. ஆற்றுப்படைக்கும் அதற்கும் எத்தனை ஒற்றுமை! அமுராபியின் சட்டத்தில் மதுக்கடை நடத்தும் பெண்களுக்கு விதிகள் உண்டு. எகிப்தில் உழைப்பாளியின் கூலி ரொட்டியும் பீருமாக அளக்கப்பட்டது.

ஐரோப்பாவில் பீருக்கு இன்றைய உருவம் கொடுத்தது ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ. அதன் கைப்பு மால்ட்டின் இனிப்பை அடக்கும். அதைவிட முக்கியமாக, மதுவைக் கெடாமல் காக்கும். 1516-இல் பவேரியாவின் கோமகன் நான்காம் வில்லெம் ஓர் ஆணை பிறப்பித்தார். பீரில் பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றன்றி வேறெதுவும் கூடாது என்பது அதன் சாரம். இன்றும் ஜெர்மானியர் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆணை அது. ஆனால் அதில் நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டின் பெயரே இல்லை. கண்ணுக்குத் தெரியாத அதனை ஒரு பொருளாக எண்ணவில்லை போலும். நம் ஆற்றுப்படையோ நொதிக்கவைக்கும் அடையைப் பெயரிட்டு, அதன் தோற்றத்தையும் உவமித்திருக்கின்றது. ஈஸ்ட்டின் வேலையை விளக்கி 1876-இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றித் தனி நூல் எழுதினார். 1883-இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் எமில் ஹான்சன் தூய ஈஸ்ட்டைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அதன் பின்னரே ஒவ்வொரு முறையும் ஒரே சுவையுள்ள பீரை ஆக்குவது கைகூடியது.

அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு சுவை. அதற்குத் தண்ணீரே பாதிக் காரணம். இலண்டன், டப்ளின் நகரங்களின் கடின நீர் வறுத்த கரிய மால்ட்டுக்கு ஏற்றது. ஆகவே அங்கே போர்ட்டர், ஸ்டவுட் என்னும் கரிய வகைகள் ஓங்கின. பர்ட்டன் நகரத்து நீரில் ஜிப்சம் மிகுதி. அது ஹாப்ஸின் கைப்பைத் தெளிவாக எடுத்துக்காட்டும். பொஹீமியாவில் பில்சன் நகரத்து நீர் மிக மென்மையானது. அங்கே 1842-இல் ஜோசப் குரோல் என்பவர் குளிரில் மெல்ல நொதிக்கும் ஈஸ்ட்டைக் கொண்டு பொன்னிறப் பீரை ஆக்கினார். இன்று உலகில் பெரும்பாலோர் பீர் என்றவுடன் நினைப்பது அதன் வழித்தோன்றலையே. பாம்பெர்க் நகரத்தில் மால்ட்டைப் புகையில் உலர்த்துவதால் பீரிலும் புகைமணம் உண்டு. பவேரியாவின் கோதுமைப் பீரில் கிராம்பும் வாழைப்பழமும் மணக்கும். இரண்டும் அதில் சேர்க்கப்படுவதில்லை, ஈஸ்ட் தரும் மணம். பிரஸ்ஸல்ஸ் நகரத்தை ஒட்டிய பகுதியில் குளிர்காலத்து இரவில் திறந்த தொட்டியில் கூழை ஆறவிட்டுக் காற்றில் வரும் ஈஸ்ட்டை வரவேற்கின்றனர். பிழாவில் புலர ஆற்றிய வலைச்சியர் இதைக் கண்டால் புதுமை என்று சொல்லமாட்டார்கள்.

அடுக்களையில் பீரின் முதற்பயன் ரொட்டிக்குத்தான். தொட்டியின் மேல் பொங்கும் நுரையை எடுத்து மாவில் கலந்து ரொட்டியைப் பொங்கவைப்பது ஆங்கில நாட்டில் நெடுங்கால வழக்கு. பெல்ஜியத்தின் பிளெமிஷ் மக்கள் மாட்டிறைச்சியை நிறைய வெங்காயத்தோடு கரிய பீரில் மணிக்கணக்கில் வேகவைப்பர். கடுகு விழுது தடவிய ரொட்டித் துண்டை மேலே இட்டால் அது கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். ஆங்கிலேயர் மீனைப் பீர் கலந்த மாவில் தோய்த்துப் பொரிப்பர். நம் பஜ்ஜி மாவுக்குச் சோடா உப்பு செய்யும் வேலையை அங்கே பீரிலுள்ள வாயு செய்கின்றது. ஊன் உண்ணாதோர்க்கு வேல்ஸ் நாட்டு உணவு ஒன்று உண்டு: பாலாடைக் கட்டியைப் பீரில் உருக்கி, கடுகு சேர்த்து, சுட்ட ரொட்டியின் மீது வார்ப்பது. சமைக்கும்போது கைப்பு மிகுந்த பீரைத் தவிர்ப்பது நன்று. நீர் வற்ற வற்றக் கைப்புத் திரளும். அடுப்பில் வைத்தால் மதுச்சத்து முழுதும் ஆவியாகிவிடும் என்று சிலர் சொல்வது சரியன்று. நெடுநேரம் கொதித்த பின்னும் சிறிது எஞ்சும். நோன்புடையோர் இதனை அறிந்திருத்தல் நலம். ஜெர்மனியில் காலை உணவே பீர்க்கஞ்சியாக இருந்த காலம் உண்டு. காப்பி வந்து அதனை விரட்டியபோது பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் 1777-இல் காப்பியைக் கண்டித்துப் பீரைப் பரிந்துரைத்தார். டிகாஷன் இல்லாமல் பொழுது விடியாத நம் இல்லங்களில் அம்மன்னர்க்கு ஆதரவு கிடைப்பது அரிது.

நம் நாட்டு அடுக்களையில் இவ்வேலையைச் செய்தது கள்ளே. கேரளத்திலும் குமரிப் பகுதியிலும் யாழ்ப்பாணத்திலும் ஆப்பமாவைக் கள் விட்டுப் பொங்கவைப்பர். கோவாவின் சன்னாவும் அவ்வாறே. போர்த்துக்கீசியர் ரொட்டி சுட முனைந்தபோது ஈஸ்ட்டுக்குக் கள்ளையே நாடினர். அத்தொழில் கற்ற கோவா மக்கள் பம்பாய்க்கு வந்து சுட்டதே இன்று அந்நகரத்தார் ‘பாவ்’ என்று உண்பது. பெரும்பாணாற்றுப்படையிலேயே உமணர் வண்டியில் காடி வைத்த கலம் ஒன்று தொங்குகின்றது. காடி என்பது கஞ்சி புளித்து ஆவது. பீர் புளித்து ஆகும் காடியை ஆங்கிலேயர் இன்றும் பொரித்த மீனின்மேல் தெளிக்கின்றனர்.

ஆங்கிலேயர் இந்தியாவுக்குக் கொணர்ந்த பீரின் கதை தனி. இலண்டனின் கிழக்கே போ என்னுமிடத்தில் இருந்த ஹாட்சனின் ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்கு அருகில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் கடன் கொடுத்து ஹாட்சன் குடும்பத்தார் கல்கத்தா வணிகத்தைப் பிடித்தனர். 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்சாப் போட்டிக்கு வந்தார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, மாதக்கணக்கில் உருண்டு வந்த பீப்பாய்களில் பீர் நன்றாக முதிர்ந்தது. ‘இந்தியா பேல் ஏல்’ என்ற பெயர் இதனால் எழுந்தது. வெப்ப நாட்டுக்கென்றே ஹாட்சன் அதனைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்பது பின்னாளில் கட்டிய கதை. வெப்ப நாட்டுக்குச் செல்லும் பீரில் ஹாப்ஸ் கூட்ட வேண்டும் என்பதை 1760-களிலேயே அறிந்திருந்தனர். மேலும், பேல் ஏல் அதிகாரிகளின் மேசைக்கு. சாதாரணச் சிப்பாய்க்கு வந்தது கரிய போர்ட்டரே. பீரிலும் சம்பளப் படிநிலை இருந்தது என்பது என்னைப் போன்ற எழுத்தர்க்கு வியப்பளிக்கவில்லை.

பின்னர் இமயச் சாரலிலேயே ஆலைகள் எழுந்தன. கசௌலியில் எட்வர்டு டயர் தொடங்கிய ஆலை நல்ல ஊற்று நீரை நாடி அருகிலிருந்த சோலனுக்கு விரிந்தது. 1919-இல் ஜாலியன்வாலா பாகில் சுடச்சொன்ன ரெஜினால்டு டயர் அவருடைய மகனே. தெற்கே 1915-இல் தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஐந்து ஆலைகளை ஒன்றாக்கி பெங்களூரில் யுனைட்டெட் புரூவரிஸை நிறுவினார். நாளடைவில் பீர் என்றால் பாட்டிலில் வருவது, ஆங்கிலப் பெயருடையது, கிளப்புக்குரியது என்ற எண்ணம் வேரூன்றியது.

அதே காலத்தில் இந்நாட்டின் சொந்தப் பீர் கிழக்கு மலைகளில் மண்பானைகளில் முதிர்ந்துகொண்டுதான் இருந்தது. அலுவல் நிமித்தம் ராஞ்சியில் சில ஆண்டுகள் வாழ்ந்தபோது இதனை நேரில் காணும் வாய்ப்புக் கிடைத்தது. முண்டா, ஓராவ்ன், சந்தால், ஹோ மக்களின் ஹண்டியா அது. ஹண்டி என்றால் பானை. சோற்றை வடித்து, ஓலைப்பாயில் பரப்பி ஆறவிடுகின்றனர். காட்டு வேர்களும் இலைகளும் அரிசிமாவோடு சேர்த்து உருட்டிய ரானு என்னும் வெண்ணிற உருண்டைகளைப் பொடித்துத் தூவிப் பிசைகின்றனர். பானையில் இட்டு மூடிச் சில நாள் வைக்கின்றனர். பின்பு நீர் விட்டுக் கையால் பிசைந்து வடித்தெடுக்கின்றனர். கரம் பண்டிகையன்று உடன் பணியாற்றும் ஓராவ்ன் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அவருடைய தாயார் இவற்றைச் செய்து காட்டினார். ஆற்றுதல், அடை கலத்தல், நாட்கழித்தல், விரலால் அலைத்தல் என்று ஒவ்வொன்றாகப் பாட்டின் அடிகள் நினைவில் எழுந்தன. முதலில் தெய்வத்திற்கும் முன்னோர்க்கும் சில துளிகள் தரையில் சிந்திய பின்பே சால் இலைத் தொன்னையில் எனக்கு வார்த்தார். சந்தால் மக்களின் தோற்றக் கதையில் முதல் மனிதராகிய பில்சு ஹாடாமுக்கும் பில்சு பூடிக்கும் இத்தொழிலைக் கற்பித்தவர் மராங் புரு என்னும் அவர்களது பெருந்தெய்வமேயாகும்.

நம்மவர் கூடும் இல்லங்களில் இம்மக்களைப் பற்றி என்ன பேசப்படுகின்றது? “சோற்றை அழுகவைத்துக் குடிப்பவர்கள்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் நகைக்கும் காட்சியை நான் ஒருமுறைக்கு மேல் கண்டதுண்டு. சொன்னவர்கள் படித்தவர்கள், பத்துப்பாட்டின் பெருமையைச் சங்க மேடையில் முழங்கக் கூடியவர்கள். காஞ்சி மன்னனின் புகழ்ப்பாட்டில் நறும்பிழி என்று பெயர்பெற்றது ராஞ்சிச் சந்தையில் அழுகற் சோறாகிவிடுவது எந்த இலக்கணத்தின்படி என்று நான் கேட்டேன். விடையாகக் காப்பி வந்தது.

ராஞ்சியோடு இது நின்றுவிடவில்லை. அஸ்ஸாமின் மிசிங் மக்களிடம் அபோங் இருவகை: வெண்மையான நொகின், உமியும் வைக்கோலும் எரித்த சாம்பல் சேர்த்துக் கருநிறமாகும் போரோ. சிக்கிமிலும் டார்ஜிலிங்கிலும் லிம்பு மக்கள் நொதித்த கேழ்வரகை மரக்குவளையில் நிரப்பி, கொதிநீர் ஊற்றி, மூங்கில் குழலால் உறிஞ்சுவர். தோங்பா என்பது அதன் பெயர். சுவை குன்றும்வரை மீண்டும் மீண்டும் கொதிநீர் வார்ப்பர். வெந்நீரிட்டு அரித்தல் என்று பெரும்பாணாற்றுப்படை சொல்வதைப் படித்து நான் குழம்பியதுண்டு. தோங்பாவைக் கண்டபின் அக்குழப்பம் குறைந்தது. லடாக்கில் பார்லியால் ஆகும் சாங் உண்டு. ஏட்டில் எழுதப்படாத வகை வேற்றுமை இத்தனை நம் எல்லைக்குள்ளேயே இருக்கின்றது.

இம்மக்களுக்குள்ளும் வள்ளுவர்கள் தோன்றினர் என்பதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு குறைபடும். 1900-இல் ராஞ்சிச் சிறையில் இளம் வயதிலேயே மாண்ட பிர்சா முண்டா தம் அடியவர்களை மதுவை விடுமாறு பணித்தார். 1914-இல் ஓராவ்ன் மக்களிடையே ஜத்ரா பகத் தொடங்கிய தானா பகத் இயக்கமும் மதுவையும் ஊனையும் விலக்கியது. மணிமேகலையில் நாகர் தலைவன் கள்ளும் ஊனும் தந்து உபசரிக்க, சாதுவன் அவற்றை மறுத்து அறம் உரைக்கும் காட்சியை இவற்றோடு வைத்து எண்ணலாம். தோப்பியைப் பாடிய மொழியே கள்ளுண்ணாமையையும் பாடியது. ஹண்டியாவைத் தெய்வத்திற்குப் படைத்த குடியே அதனை விலக்கும் இயக்கத்தையும் பெற்றது. இரண்டும் அந்தந்த மக்களின் சொந்தக் குரல்களே. வெளியிலிருந்து சென்றவர் மூக்கைச் சுளிப்பது மூன்றாவது வகை. அதற்கு இவ்விரண்டோடும் உறவில்லை.

வீட்டில் பண்டிகைக்குச் செய்தது சந்தையில் விற்பனைக்கு வந்தபோது துன்பமும் வந்தது. சாலையோரத்தில் அலுமினியப் பானையோடு அமர்ந்து ஹண்டியா விற்கும் பெண்களை ஜார்க்கண்டில் எங்கும் காணலாம். வேறு பிழைப்பு இல்லாமையே காரணம். அவர்களுக்கு மாற்றுத்தொழில் தருவதற்காக 2020-இல் அம்மாநில அரசு தொடங்கிய திட்டத்திற்கு, 1855-இன் சந்தால் எழுச்சியில் பங்குகொண்ட சகோதரியர் பூலோ, ஜானோ ஆகியோரின் பெயர் சூட்டப்பட்டது. மறுபுறம், 2021-இல் அஸ்ஸாமின் திமாசா மக்கள் அரிசியால் ஆக்கும் ஜூதிமாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வடகிழக்கின் மரபு மதுவொன்று அத்தகைய ஏற்பைப் பெற்றது அதுவே முதல்முறை.

நல்லடையைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கின்றேன். ரானு முதலிய உருண்டைகள் பூசண வழியைச் சேர்ந்தவை. நெல்முளை என்று நம் உரைகாரர் சொன்னது அவற்றோடு பொருந்தாமல் நின்றது. நாகாலாந்தின் அங்காமி மக்கள் ஜுத்தோ என்னும் அரிசி மதுவை ஆக்குகின்றனர். உமி நீக்காத நெல்லை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, இடித்த மாவை அவர்கள் பியாஜு என்பர். அரிசிக் கூழ் ஆறியபின் அதனைத் தூவிக் கலக்கின்றனர். மது வடித்தபின் எஞ்சும் சக்கை கொட்டிலிலுள்ள பன்றிகளுக்குப் போகின்றது.